வெளியே தொங்கிய பூட்டு

1

“ஃபேனை ரெண்டுல வச்சுட்டுப் போ பாரதி. நாலுல வச்சா கடகடன்னு சத்தம் போடுது.”

என் கணவர் அருள்செல்வன் கடைசியாக என்னிடம் பேசியது இதுதான். நிட்டிங் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து எட்டேகாலுக்கு வந்தார். நான்கு இட்லி சாப்பிட்டார். தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் பாயில் சாய்ந்தார். நான் ஃபேனை இரண்டில் வைத்தேன். கதவைச் சாத்தினேன். பிறகு வெளியே

(இந்த இடத்தில் மூன்று முறை நிறுத்திவிட்டேன். உங்களைத் தேட வைக்கக் கூடாது, சொல்லிவிடுகிறேன். வெளியே பூட்டினேன். இரண்டு மணி நேரம் கழித்து எங்கள் வீட்டுக்குக் கீழே தீப்பிடித்தது.)

இந்தக் கதை பிறந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். போன மாதம் தீயணைப்பு நிலையத்திலிருந்து தீனதயாளன் சார் வந்தார். நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கதவை வெட்டித் திறந்து உள்ளே போனவர் அவர்தான். அனுப்பர்பாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கிறார்கள், நான் பேச வேண்டும் என்றார்.

“எனக்குப் பேச வராதுங்க சார்.”

“நாங்க பேசினா நோட்டீஸ வாங்கி மடிச்சு பாக்கெட்டுல வெச்சுக்குவாங்கம்மா. நீங்க பேசினாத்தான் காது கொடுப்பாங்க.”

“எழுதித் தர்றனுங்க. யாராச்சும் படிச்சுருங்க.”

“நீங்களே படிக்கோணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். தையலில் ஓட்டை, கறை, விட்டுப்போன நூல் இவற்றைக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிக்கும் பழக்கம் உண்டு. எழுதியது இதுவரை பள்ளிக்கூட லீவ் லெட்டர் மட்டுமே. ஆகவே இதில் ஓட்டை இருந்தால் நீங்கள் ஸ்டிக்கர் ஒட்டலாம்.

ஒரு ஓட்டையை நானே காட்டுகிறேன். என் மகள் அக்ஷராவுக்கு இப்போது பதினான்கு வயது. அன்று நான் சாவியோடு ஓடி வந்தேன் என்றும், பூட்டு சிக்கிக்கொண்டது என்றும் அவள் நம்புகிறாள். அது நடக்கவில்லை. கூட்டத்தில் அவளும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

2

தொடக்கங்கள்.

“திருப்பூர் என்றாலே உழைப்பு. அந்த உழைப்பின் நகரத்தில்” என்று ஒன்று தொடங்கினேன். அரசாங்க விளம்பரம் மாதிரி இருந்தது. கிழித்தேன்.

“அன்று காலை வானம்” என்று இன்னொன்று. அன்று நான் வானத்தைப் பார்க்கவே இல்லை. எட்டரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும்.

மூன்றாவது, வீட்டு உரிமையாளர் கிட்டுசாமியிடமிருந்து தொடங்கியது. அதை ஐந்து பக்கம் எழுதினேன். அதில் அவர் கெட்டவர். மீசையை முறுக்கினார். கீழ்த்தளத்தை கட்டிங் வேஸ்ட் குடோனுக்கு விட்டார். துணி மூட்டைகளைப் படிக்கட்டில் அடுக்க விட்டார். மாநகராட்சியில் கொடுத்த வரைபடத்தில் மாடிக்குப் பின்பக்கமும் ஒரு படிக்கட்டு இருந்தது. அதைக் கட்டாமல் ஏமாற்றினார். எழுத எழுத எனக்குச் சுகமாக இருந்தது. சுகமாக இருந்ததனாலேயே சந்தேகம் வந்து திரும்பப் படித்தேன்.

கிட்டுசாமி அண்ணனுக்கு மீசையே கிடையாது. வேஸ்ட் மூட்டைகள் படியில் இருந்தது உண்மை. மேலே போகும்போது அவற்றைப் பிடித்துக்கொண்டு ஏறியவர்கள் நாங்கள். பின்பக்கப் படிக்கட்டு வராததும் உண்மை. வீடு கட்டி முடியும் சமயத்தில் நாங்கள் பார்க்கப் போனோம். குளியலறை கீழே பொதுவாக இருந்தது.

“இந்தப் பின்னால இருக்கற எடத்துல ஒரு பாத்ரூம் வச்சுக் குடுத்துட்டீங்கன்னா உடனே குடி வந்தர்றோமுங்கண்ணா” என்றேன் நான்.

“அங்க படி வரணும்னு பிளான்ல இருக்குதே கண்ணு.”

“ரெண்டு படி எதுக்குங்க? எறங்கறதுக்கு ஒண்ணு, ஏறறதுக்கு ஒண்ணா?”

எல்லோரும் சிரித்தோம். அருள் அதிகமாகச் சிரித்தார். அடுத்த வாரம் படிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் நீல டைல்ஸ் ஒட்டினார்கள். ஜன்னல் கிரில்லும் நான் கேட்டதுதான். திருடன் பயம். உள்ளிருந்து திறக்கிற மாதிரி வைக்கலாம் என்று வெல்டிங்காரர் சொன்னார். “தெறக்கறதுன்னா அப்பறம் கிரில்லு எதுக்குங்க?” என்று கேட்டேன்.

(கிட்டுசாமி அண்ணனைக் கெட்டவராக எழுதிய ஐந்து பக்கங்களை வைத்திருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டபடி ஒரு நாள் அடுப்பில் போடுவேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தன் வீட்டின் முன் அறையை எங்களுக்குக் காலி செய்து கொடுத்தவர் அவர். நாங்கள் இப்போது இருப்பதும் அங்கேதான். இந்த வீட்டுக்கு இரண்டு வாசல்.)

3

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். இரவு ஷிப்ட் பார்த்தவர் பகலில் தூங்குவார். கேஸ் சிலிண்டர் வரும், கொரியர் வரும், விளையாடுகிற குழந்தைகள் கதவைத் தட்டும். ஆகவே பகல் ஷிப்டுக்குப் போகிறவர் வெளியே பூட்டிவிட்டுப் போவார். பூட்டைப் பார்த்தால் யாரும் தட்ட மாட்டார்கள். இதைக் கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மனைவி பூட்டுவாள். பூட்டாமல் போகிறவளைத்தான் “புருசன் தூக்கத்தப் பத்திக் கவலையில்லாதவ” என்பார்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரம் நான் பூட்டாமல் போய், மூன்று பேர் தட்டி, அருள் தலைவலியோடு அடுத்த ஷிப்டுக்குப் போனார். அன்றிலிருந்து பூட்டினேன்.

பூட்டின் இரண்டு சாவிகளும் ஒரே வளையத்தில் என் கைப்பையில் இருந்தன.

பத்தரை மணிக்கு குடோனில் ஒயரில் பொறி வந்தது. பக்கத்துக் கம்பெனி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பிரமோத் புகையைப் பார்த்தார். பீகாரிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் சுவர் தாண்டி எங்கள் ஜன்னல் சன்ஷேடில் இறங்கி, ஒரு இரும்புக் குழாயை கிரில்லுக்குள் விட்டு நெம்பினார். ஒரு கம்பி வளைந்தது. ஒரு கை நுழையும் அளவுக்கு. அருள் கையை நீட்டினார். பிரமோத் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் பற்றியிருந்த கம்பி சூடேறி பிரமோத்தின் உள்ளங்கை வெந்தது. விடவில்லை.

பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன். “அவரு என்ன சொன்னாருங்க?”

“அண்ணா ‘நீ போ, நீ போ’ சொன்னாரு. அவ்ளோதான் அக்கா.”

“நீங்க போகலீங்களா?”

“எனக்கு அப்போ தமிழ் தெரியாது” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

[இங்கே பிரமோத்துக்கு நன்றி என்று எழுதி அடித்திருக்கிறேன். அந்தச் சொல் போதவில்லை. என் கணவர் தனியாகச் சாகவில்லை என்பது ஒரு மனிதரின் வெந்த உள்ளங்கையால் எனக்குக் கிடைத்தது. அதற்கு எந்தச் சொல்லை எழுதுவது என்று தெரிந்தவர்கள் இந்த ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.]

நான் அப்போது செக்கிங் டேபிளில் இருந்தேன். கைப்பையும் போனும் லாக்கரில் இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. பதினோரு மணி டீக்கு வெளியே வந்து பார்த்தபோது பதினான்கு மிஸ்டு கால். நான் வீடு வந்து சேர்ந்தபோது தண்ணீர் படியில் வழிந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வீரர்கள் பூட்டை உடைக்கவில்லை. அது மாட்டியிருந்த கொண்டியை வெட்டியிருந்தார்கள். பூட்டு பூட்டியபடியே கீழே கிடந்தது.

தீனதயாளன் சாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கதவு திறந்திருந்தால்?

அவர் பொய் சொல்லியிருக்கலாம். “மொதல் அஞ்சு நிமிசம் படியில வெறும் புகைதாம்மா. மூக்கைப் பொத்திட்டு எறங்கியிருக்கலாம்” என்றார். எனக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

4

மறுநாள், வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, பத்து வயது அக்ஷரா கேட்டாள். “ம்மா, சாவி உங்கிட்டதான இருந்துச்சு?”

எதிர்வீட்டு மயிலாத்தாள் அக்கா எழுந்து வந்து அவளைத் தன் மடியில் இழுத்துக்கொண்டார்.

“இருந்துச்சு கண்ணு. உங்கம்மா சாவிய எடுத்துட்டு உசுரக் கையில புடிச்சுட்டு ஓடியாந்தா. பூட்டு சூட்டுல சிக்கிக்கிச்சு. திருப்பித் திருப்பிப் பாத்தா. யாரு என்ன பண்ண முடியும் சொல்லு?”

சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக “ஆமா கண்ணு, நானும் பாத்தேன்” என்றார்கள். ஒரு தெருவே எனக்காகப் பொய் சொன்னது. பணமோ பாத்திரமோ கொடுத்து உதவியதைவிட அது பெரிய உதவி. அந்தப் பொய்யின் மேல் தலை வைத்துத்தான் நான்கு வருடம் தூங்கினேன். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அந்த நன்றி என்னிடம் இன்னும் குறையவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் அடுத்து வருவது நன்றிகெட்டதனமாகத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு, கூட்டத்துக்கு அழைக்க நானும் தீனதயாளன் சாரும் தெருவில் நடந்தோம். இருபத்திரண்டு வீடு. பதினொன்றில் பூட்டு தொங்கியது. விசாரித்ததில் அவற்றில் ஏழு வீடுகளுக்குள் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பூட்டுகள் எல்லாம் புதிது. பளபளவென்று இருந்தன.

மயிலாத்தாள் அக்கா ரேஷன் பையோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். அவர் கதவிலும் பூட்டு.

“உள்ள யாருங்கக்கா?” என்றார் சார். குரல் சாதாரணமாக இருந்தது.

“நம்ம முகிலன் தூங்கறான் சாமி. டையிங் பட்டறைல நைட்டு ஷிப்ட்டு.”

“வெளிய பூட்டியிருக்கீங்க?”

“பூட்டாட்டி உடுவாங்களா? தட்டியே எழுப்பிப்போடுவாங்க.” பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “உங்க ஊட்டு சம்பவத்துக்கு அப்பறம் நானு பழைய பூட்டத் தூக்கிப் போட்டுட்டேன் கண்ணு. தெருவே மாத்திப்போடுச்சு. இது ஏழு லீவரு. சிக்கவே சிக்காது.”

“தீக்கு லீவரு எண்ணத் தெரியாதுங்கக்கா” என்றார் சார்.

“போங்க சார், உங்களுக்கு எப்பவும் வெளையாட்டு. காசுக்குத் தகுந்த பூட்டு இது. ஏம் பாரதி?”

“நல்ல பூட்டுதானுங்கக்கா” என்றேன்.

(இந்தப் பதிலை மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். கதைதானே. “இல்லீங்கக்கா, பூட்டத் தொறங்க” என்று எழுதினால் நான் நல்லவளாகத் தெரிவேன். ஆனால் நான் சொன்னது அதுதான். ரேஷன் கடைக்கு அவர் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய், அதைச் சொன்னவரின் மகன் மேல் பூட்டாகத் தொங்கியது.)

நான்கு வருடம் சொல்லிச் சொல்லி, சொன்னவர்களே அதை நம்பிவிட்டார்கள். பூட்டு சிக்கியது என்றால் பூட்டை மாற்றுவார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. உண்மைக் காரணத்தை நான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. நோட்டீஸில் எல்லாம் இருக்கிறது: ஆள் தூங்கும் வீட்டை வெளியே பூட்டாதீர்கள், ஒரு ஜன்னல் கிரில்லாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும், படிக்கட்டில் பொருள் வைக்காதீர்கள். படித்துவிட்டு, “எங்களோடது புதுப் பூட்டு” என்று நினைத்துக்கொள்வார்கள்.

5

முடிவுகள்.

முதல் முடிவில் நான் கூட்டத்தில் இதை முழுசாகப் படிக்கிறேன். அக்ஷரா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொள்கிறாள். எல்லோரும் கண்ணைத் துடைக்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. பதினான்கு வயதுப் பிள்ளைகள் அப்படிச் செய்வதில்லை.

இரண்டாவதில் அவள் எழுந்து வெளியே போகிறாள். நான் படிப்பதை நிறுத்தவில்லை. முகிலனின் கதவில் அடுத்த நாள் பூட்டு இல்லை. என் மகள் என்னோடு பேசுவதும் இல்லை. இந்த முடிவு நடக்கக்கூடியது. அதனால்தான் இதை நாலு வரியோடு விட்டுவிட்டேன்.

மூன்றாவதில் நான் நான்காம் பகுதியையும் சாவியைப் பற்றிய வரிகளையும் எடுத்துவிட்டு மீதியைப் படிக்கிறேன். எல்லோரும் கை தட்டுகிறார்கள். இதுதான் சுலபமானது. இதற்குப் பக்கங்கள்கூடச் சரியாகப் பிரிகின்றன.

நேற்று சாயங்காலம் அக்ஷரா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் கையால் மறைத்தேன்.

“எத்தன ஆரம்பம்மா எழுதுவ? எங்க மிஸ்ஸு ஒரு கட்டுரைக்கு ஒரு முன்னுரைதான் கேப்பாங்க.”

“முடியட்டும், காட்டறேன்.”

“எனக்கு மட்டும் மொதல்லயே காட்டு. அல்லார் முன்னாடியும் அழுதா எனக்குக் கேவலமா இருக்கும்.”

“நானா, நீயா அழறது?”

“யாராச்சும் ஒருத்தர்” என்றாள்.

அவள் சொன்னது சரி. தெருவுக்குத் தெரியும் முன் அவளுக்குத் தெரிய வேண்டும். ஆகவே நான்காம் பகுதியும் சேர்ந்த இந்தப் பக்கங்களை மேஜை மேல் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு அவள் நாலே முக்காலுக்கு வருவாள். இப்போது மணி நாலு பத்து. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைப் படிப்பேன். அதை முடிவு செய்துவிட்டேன். நாலே முக்காலுக்கு என்ன நடக்கும் என்பதை நான் எழுதப்போவதில்லை. அது அவளுடையது, எனக்குச் சொந்தமான வாக்கியம் அல்ல.

உங்களுடையதும் ஒன்று இருக்கிறது. இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் உங்கள் வீட்டில் யாரோ தூங்கிக்கொண்டிருக்கலாம். சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அந்த முடிவை நீங்கள்தான் எழுத வேண்டும்.

பக்கங்கள் ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க மேலே அன்று படியில் கிடந்த அந்தப் பூட்டை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் கறுத்திருக்கிறது. நான்கு வருடமாக எண்ணெய் போட்டதில்லை. வைப்பதற்கு முன் சாவியை நுழைத்துப் பார்த்தேன்.

ஒரே திருப்பில் திறந்தது.