மொட்டைத் தலையில் மூளை அலை

என் ஆராய்ச்சி என்னவென்றால், எண்ணெய் வைத்த அடர்த்தியான முடி வழியாகவே மூளையின் மின்னலைகளைப் படிக்கும் தொப்பி. ஊசி வேண்டாம், பசை வேண்டாம், தலையைச் சிரைக்கவும் வேண்டாம். ஆராய்ச்சித் திட்டத்தில் இந்தக் கடைசி வரியை எழுதியவன் நான்தான். அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொப்பிக்குள் சீப்புப் பற்கள் மாதிரி உலோக முனைகள் உண்டு. அவை முடியை விலக்கித் தோலைத் தொட வேண்டும். என் முனைகளோ நம் ஊர்த் தேங்காய் எண்ணெயில் வழுக்கின. சோதனைக்கு உட்கார்ந்த மாணவர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை போனை எட்டிப் பார்த்தார்கள். தலை அசைந்தால் திரையில் கிறுக்கல்தான் வரும். வெள்ளிக்கிழமை ரிவியூ. அன்றும் அலை வராவிட்டால் என் பிஎச்டி பதிவையே ரத்து செய்துவிடுவார்கள்.

பயத்தில் ஒரு யோசனை பிறந்தது. நேராகப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். தொப்பியை என் தலையிலேயே மாட்டினேன். அடடா, என்ன அலை! பாடப்புத்தகத்தில் அச்சடித்த மாதிரி இருந்தது. என் அறிவை நினைத்து எனக்கே புல்லரித்தது.

ரிவியூ முடிந்ததும் என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போக, கீழ்பென்னாத்தூரிலிருந்து அம்மா வந்திருந்தாள். என் தலையைப் பார்த்ததும் முகம் வாடிப்போயிற்று.

"ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"ஆராய்ச்சிக்கும்மா" என்றேன் பெருமையாக.

ரிவியூ தொடங்கியது. குழுத் தலைவர் வஜீதா மேடம் திரையைப் பார்த்தார். பிறகு தொப்பியோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"சிக்னல் சூப்பரா வருது மாறன். முடி எங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. நெற்றி சுருங்கியதில் திரையில் அலைகள் தாறுமாறாகக் குதித்தன. என் அவமானத்தை என் கருவியே எல்லோருக்கும் படம் போட்டுக் காட்டியது.

"முடி இருக்கறவங்க யாராவது இருக்காங்களா? இல்லன்னா இத்தோட முடிச்சுக்கலாம்."

கதவோரம் அம்மா நின்றிருந்தாள், காலையில் எண்ணெய் வைத்து வாரிப் பின்னிய தலையோடு. வேறு வழியில்லை. அவளை உட்காரவைத்து, முடியை விலக்கி விலக்கி ஒவ்வொரு முனையாகப் பதித்தேன். கண்ணை மூடச் சொன்னேன். மூடினாள். இமைகூட அசையவில்லை. கொஞ்ச நேரத்தில், கண் மூடினால் வரவேண்டிய அந்த அலை மெல்ல எழுந்து வந்தது. என்னுடையதைவிடச் சன்னம்தான், ஆனால் அலைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஜாஸ்தி இல்லன்னாலும் வருது. இன்னும் ஒரு வருஷம் தர்றோம்" என்றார் மேடம். "ஆனா அடுத்த வாட்டி உங்க தலை வேணாம்."

வெளியே வந்ததும் கேட்டேன். "எப்படிம்மா அவ்ளோ நேரம் அசையாம இருந்த?"

"சாமிய நினைச்சிக்கினு இருந்தேன். இது நல்லபடியா முடிஞ்சா உனக்கு மொட்டை போடறேன்னு போன மாசமே வேண்டிக்கிட்டேன்டா."

"அதான் போட்டாச்சே!"

அம்மா என் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"இது ஆராய்ச்சிக்குன்னு நீதான சொன்ன? முடி வளரட்டும், வா."