கோட்டைத் தொட்ட தடம்

எவரிஸ்தோ பெனேகாஸ் வெளிநாடுகளில் ஆடிய பதினான்கு ஆண்டுகளும், அவருடைய ஒவ்வொரு ஆட்டமும் அதே நேரத்தில் சாந்தா லிப்ராதா ஊர் மன்றத்தின் ஒரே டென்னிஸ் களத்திலும் பதிவானது. பந்து விழுந்த இடம், கால் சறுக்கிய இடம், சர்வீஸ் போடும்போது அவருடைய இடது கால் இழுக்கும் கோடு, எதிராளியின் ஓட்டம் எல்லாம் சிவப்புச் செங்கற்பொடியில் தாமாக விழுந்தன. ஆளில்லை, பந்தில்லை, சத்தமில்லை. தடம் மட்டும் வந்தது.

முதலில் பார்த்தவர் களத்தைப் பராமரித்துவந்த கிறிஸ்புலா. காலையில் பொடியைப் பெருக்கிச் சமன்செய்து, தண்ணீர் தெளித்து, கதவைப் பூட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனவர், திரும்பி வந்தபோது களம் முழுக்கக் கால்தடமாக இருந்தது. யாரோ சுவரேறிக் குதித்து ஆடிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே மறுபடியும் பெருக்க ஆரம்பித்தார். அவர் கண்ணெதிரே, துடைப்பத்துக்கு ஒரு முழம் தள்ளி, நீளமாக ஒரு சறுக்கல் விழுந்தது. அதன் முனையில் இடது காலின் இழுப்பு. அந்த இழுப்பை அவருக்குத் தெரியும். செங்கல் சூளைக்காரர் பெனேகாஸின் மகன் நடக்கப் பழகியதும், பிறகு மட்டை பிடித்ததும் அந்தக் களத்தில்தான். கிறிஸ்புலா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். மாலையில் வானொலி, குவாயாகிலில் எவரிஸ்தோ முதல் சுற்றில் வென்றதாகச் சொன்னது. அதற்கு முன்பே அவர் ஊருக்குச் சொல்லியிருந்தார்.

அதன்பிறகு ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. ஆட்ட நாட்களில் ஆளுக்கொரு நாற்காலியும் ஐஸ் போட்ட தெரெரே பானமும் கொண்டுவந்து கம்பிவேலியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சீபா ரொட்டி விற்கிற பெண்கள் பேருந்து நிலையத்தை விட்டுவிட்டு அங்கே கூடை இறக்கினார்கள். கிறிஸ்புலா ஒரே ஒரு சட்டம் வைத்தார்: ஆட்டம் நடக்கையில் உள்ளே ஒருவரும் கால் வைக்கக் கூடாது. செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் அவர் மட்டும் போய்ப் பெருக்கிவிட்டு வருவார். இதை எவரிஸ்தோவிடம் யாரும் சொல்லக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான்.

"ஏன்க்கா, சொன்னா சந்தோஷப்படுவானே?" என்று கேட்டார் பல் மருத்துவர் பாவுலினோ ஒசூனா. மன்றத்தின் தலைவர் அவர்தான்.

"நீங்க பல்லு புடுங்குறப்போ ஊரே சுத்தி நின்னு பாத்தா கை நடுங்காதா டாக்டர்?"

"எனக்கு நடுங்காது."

"அப்போ அந்த நேரத்துல உங்க கிட்ட வாயக் காட்டிட்டு இருக்கறவன் பாவம்."

ஒசூனா சிரிக்கவில்லை. எவரிஸ்தோ வளர்வதற்கு முன் ஊரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். களத்தில் எப்போது தடம் விழும் என்று தெரியாததால், மன்றத்தார் எல்லோரும் ஆடுவதை நிறுத்த வேண்டியிருந்தது. யாரும் கட்டளை போடவில்லை. ஒருவர்பின் ஒருவராக நிறுத்திக்கொண்டார்கள். ஒசூனா தன் மட்டையைச் சிகிச்சை அறையில் நோயாளிகளுக்கு நேரெதிரே ஆணியடித்து மாட்டினார். வாய் திறந்து கிடக்கும் நேரமெல்லாம் சாந்தா லிப்ராதா மக்கள் அந்த மட்டையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

எவரிஸ்தோ பெரிய வெற்றிகளைக் குவித்தவர் அல்ல. லீமாவில் ஒரு கோப்பை, பொகோத்தாவில் ஒன்று, ஆல்ப்ஸ் மலையடியில் பெயர் சொல்ல வராத ஊரில் ஒன்று. உலக வரிசையில் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் பல ஆண்டுகள் இருந்தார். ஆனால் பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாத அவரை எங்கள் ஊருக்குத் தெரியும். கடும் வெயில் நாளொன்றில், பார்சிலோனாவில் அவர் ஆடிக்கொண்டிருந்தபோது, ஆட்டத்தின் நடுவே அவருடைய தடங்கள் களத்தின் மூலைக்கு நடந்துபோயின. அங்கே கோடு பார்க்கும் பெண்ணின் சிறிய செருப்புத் தடம் தள்ளாடிக் கலைந்திருந்தது. அதன் பக்கத்தில் ஈரப் பாட்டிலின் அடிவட்டம் ஒன்று பொடியில் பதிந்தது. பிறகு அவர் திரும்பி வந்து சர்வீஸ் போட்டார். அன்று அவர் தோற்றார். அன்றிரவு வானொலி தோல்வியை மட்டும் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பாதிரியார் ரூபெர்தோ சாமி, நற்செய்தி வாசித்து முடித்ததும், பிரசங்கமாக அந்தப் பாட்டிலின் வட்டத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கினார். எவரிஸ்தோவின் தாய் முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அதன்பின் ஊரில் யாரும் யாருக்கும் தண்ணீர் இல்லை என்று சொன்னதாகத் தெரியவில்லை.

பதினோராம் ஆண்டில், ஐரோப்பாவின் பெரிய போட்டி ஒன்றில் எவரிஸ்தோ அரையிறுதிக்கு வந்தார். எதிராளி ஓர் ஆஸ்திரியன், பெயர் ஹால்மயர். அங்கே பிற்பகல், இங்கே காலை. பள்ளி மூடியிருந்தது, சூளை அணைந்திருந்தது, சாமி பூசையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு பூசை உடையோடு வந்திருந்தார். வடக்குக் காற்று வீசிய நாள். அந்தக் காற்றில் எங்கள் ஊரில் நல்ல மனிதர்களும் கொஞ்சம் கெட்டுப்போவார்கள். ஐந்தாவது செட்டில், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் எவரிஸ்தோ வென்றார் என்ற நிலை வந்தது. நாற்காலியில் யாரும் இல்லை, எல்லோரும் நின்றார்கள். ஹால்மயரின் பந்து, மன்றத் தலைவரின் இருக்கைக்கு எதிரே, பக்கக் கோட்டை ஒட்டி விழுந்தது. அந்தக் கணமே வானொலி அலறியது: வெளியே, பந்து வெளியே, பெனேகாஸ் இறுதிப்போட்டிக்குப் போய்விட்டார்.

சாந்தா லிப்ராதாவில் ஒருவரும் கத்தவில்லை. தடம் அவர்கள் முன்னால் கிடந்தது. அரிசி மணியளவு கோட்டைத் தொட்டிருந்தது. தொட்டால் பந்து உள்ளே.

ஆஸ்திரியன் தடத்தைப் பார்க்கச் சொல்கிறான், நடுவர் இறங்குகிறார் என்று வானொலி சொன்னது. எவரிஸ்தோவின் இரண்டு காலடிகள் வந்து தடத்தின் பக்கத்தில் நின்றன. நின்றபடியே இருந்தன.

அப்போதுதான் டாக்டர் ஒசூனா கம்பிக்கதவைத் திறந்தார்.

"டாக்டர், வெளிய வாங்க," என்றார் கிறிஸ்புலா.

"நடுவர் வர்றதுக்குள்ள, அக்கா. இங்க அழிச்சா அங்கயும் அழியும்."

"அது பாவம்."

"என் கணக்குல எழுதிக்கட்டும்."

அவர் மெருகு போட்ட தன் கோயில் செருப்போடு இரண்டு எட்டு வைத்து, இடது காலால் அந்தத் தடத்தைத் துடைத்தார். அது அழிந்தது. பத்து விநாடி கழித்து வானொலிக்காரனின் குரல் மாறியது. பெனேகாஸ் தானே தடத்தை அழித்துவிட்டார் என்றான். பந்து உள்ளேதான் என்று ஒப்புக்கொண்டு புள்ளியை எதிராளிக்கே கொடுத்துவிட்டார் என்றான். அரங்கமே எழுந்து நிற்கிறது என்றான்.

செங்கற்பொடியில் ஆடுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் பக்கம் விழுந்த தடத்தை ஓர் ஆட்டக்காரர் தன் காலால் அழித்தால் வழக்கு முடிந்தது, புள்ளி எதிராளிக்கு. உலகத்தில் எந்தக் களத்திலும் அதுதான் முறை. பல்லுக்கு அடுத்தபடி ஒசூனாவுக்கு நன்றாகத் தெரிந்த விஷயமும் அதுதான். தடம் இல்லாவிட்டால் குற்றம் இல்லை என்ற ஒரே நினைப்பில் அவர் அதை மறந்திருந்தார். களத்தின் நடுவில், வாய் சற்றுத் திறந்தபடி நின்றார். அவர் நோயாளிகள் அப்படித்தான் இருப்பார்கள். அந்தச் செட்டில் அதன்பிறகு ஒரு கேம்கூட எடுக்காமல் எவரிஸ்தோ தோற்றார்.

உலகம் எவரிஸ்தோவை நேர்மையானவர் என்று கொண்டாடியது. விருது கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தில் படம் போட்டார்கள். தபால்தலை வெளியிடுவதாகச் சொல்லிப் பிறகு மறந்தார்கள். ஊர் அழுதது, பிறகு பெருமைப்பட்டது, ஆனால் அன்று காலையில் களத்தில் நடந்ததை எவரிஸ்தோவைத் தவிர எல்லோரும் அறிந்திருந்தார்கள். சிலர் பல்வலிக்குப் பேருந்து பிடித்து அடுத்த ஊருக்குப் போனார்கள். ஒரு மழைக்காலத்தில் பாதை அறுந்ததும் திரும்பி வந்தார்கள். ஒசூனா எப்போதும்போல் பல் பார்த்தார். சனிக்கிழமைகளில் யாரிடமும் கட்டணம் வாங்குவதை நிறுத்தினார். களத்தின் பக்கம் வருவதையும் நிறுத்தினார். அந்தப் பையனின் வாழ்நாளில் வந்த ஒரே பெரிய நாளைத் தன் கால் தட்டிப் பறித்துவிட்டது என்று சாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமி, மன்னிப்பைத் தன்னால் தர முடியும், ஆனால் அதை யாரிடம் கேட்க வேண்டுமோ அந்த ஆள் வேறொருவர் என்றார்.

அந்த ஆள், இடுப்பெலும்பு தேய்ந்து, மட்டைகளைக் கட்டிவைத்துவிட்டு, மூன்று ஆண்டு கழித்துத் தாயின் வீட்டுக்கே திரும்பி வந்தார். பேண்டு வாத்தியம் வாசித்தார்கள். ஒசூனா வரவில்லை. எவரிஸ்தோ ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். ஒசூனாவின் வீட்டில் மட்டும் டாக்டர் வெளியே போயிருப்பதாக மூன்று முறை சொன்னார்கள். மூன்று முறையும் உள்ளே கருவிகள் கொதிக்கும் வாசனை வந்தது. பெரியவருக்குத் தன்மேல் ஏதோ வருத்தம் என்று எவரிஸ்தோ நினைத்தார். மியாமியிலிருந்து பயிற்சியாளர் வேலைக்கு அழைத்திருந்தார்கள். ஊரில் தன்னைப் பார்க்க விரும்பாதவர் ஒருவர் இருக்கும்போது அங்கே இருப்பானேன் என்று போகவும் தீர்மானித்தார். அந்த வாரம் அவருக்குக் கடைவாய்ப்பல் வலித்தது. வலி வந்தவர் கதவைத் தட்டினால் ஒசூனாவால் வெளியே போயிருக்க முடியாது.

எவரிஸ்தோ நாற்காலியில் சாய்ந்து, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த பழைய மட்டையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார். ஒசூனா மரப்பு ஊசி போட்டு, இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்தார். பதில் பேச முடியாத மனிதரிடம் பேசுவது சுலபம் என்று அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். களத்தில் விழுந்த தடங்களிலிருந்து தொடங்கி, பாட்டிலின் வட்டம், வடக்குக் காற்று, கோயில் செருப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"உனக்காகத் திருடத்தான் கால வெச்சேன் தம்பி. உன் கிட்டயே திருடிட்டேன்."

எவரிஸ்தோ நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பஞ்சைத் துப்பினார். பாதி உதடு மரத்திருந்தது.

"அது நீங்களா?"

"நான்தான்."

"இந்தக் காலா?"

"இடது கால்."

"நான் இத்தன வருஷம் அத வானத்துலேர்ந்து வந்த தேவதூதன், சம்மனசுன்னு நெனச்சிட்டு இருந்தேன் டாக்டர்." எவரிஸ்தோ ஒசூனாவின் காலை ஒரு முறை பார்த்தார். "இந்தச் சம்மனசுக்கு ஆணிக்கால் வேற இருக்கு."

ஒசூனாவுக்குப் புரியவில்லை. எவரிஸ்தோ குழறிக் குழறிச் சொன்னார். பந்து கோட்டைத் தொட்டதை அவர் அங்கே நின்றபடி பார்த்தார். அழிக்க வேண்டும் என்று தெரியும். கால் எழவில்லை. இறுதிப்போட்டி, அம்மா வீட்டின் கூரை, ஊர்ச் சனங்களின் முகம் எல்லாம் அந்தக் காலில் கட்டித் தொங்கின. பேசாமல் நிற்போம், நடுவர் வேறு தடத்தைக் காட்டினால் காட்டட்டும் என்று முடிவெடுத்தார். அப்போது அவர் காலருகே, அவர் அசையாமலே, தடம் அழிந்தது. இல்லை, நான் அழிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டார்.

"அன்னிக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்குனேன். ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு விருதும் கடனாத்தான் தெரிஞ்சுது. நல்லவன்னு குடுக்குறாங்க, நான் நின்னது திருடத்தான்."

"நானும் அதுக்குத்தான் உள்ள வந்தேன்."

"ரெண்டு திருடன் சேந்து ஒரு நியாயத்தப் பண்ணியிருக்கோம். படுக்கட்டுமா, பல்ல எடுக்கறீங்களா, இல்ல அதையும் மாத்தி எடுப்பீங்களா?"

ஒசூனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு சரியான பல்லைத்தான் எடுத்தார்.

இதைக் கேட்ட ரூபெர்தோ சாமி, நன்மை உலகத்துக்குள் வர நல்ல ஆளாகப் பார்த்துக் காத்திருந்தால் அது இன்னும் வாசலிலேயே நின்றிருக்கும் என்று மட்டும் சொன்னார். மியாமிக்கு எவரிஸ்தோ போகவில்லை. ஒசூனா ஆணியிலிருந்து மட்டையை இறக்கினார். எழுபது வயதுக்காரரும் இடுப்பு தேய்ந்தவரும் ஞாயிறு பூசைக்குப் பிறகு அந்தக் களத்தில் ஆடத் தொடங்கினார்கள். ஓடிப்போய் எடுக்க முடியாத பந்துகளை இருவரும் உள்ளேதான் என்று ஒப்புக்கொண்டதால் ஆட்டங்கள் சீக்கிரம் முடிந்தன. மன்றத்தார் மற்றவர்களும் தத்தம் மட்டைகளைத் தூசிதட்டினார்கள். ஊரில் மறுபடியும் டென்னிஸ் இருந்தது.

அடுத்த ஆகஸ்டில், லபாச்சோ மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒசூனா சர்வீஸ் போடக் கையைத் தூக்கியபோது, வலைக்கு அருகில் ஒரு தடம் விழுந்தது. சின்னக் கால், வலது குதிகாலை அழுத்தி ஊன்றுகிற நடை. இருவருக்கும் அது யாரென்று தெரியவில்லை. ஊரிலிருந்து யாரும் ஆடப் போகவில்லை. பின்னால் ஒரு சறுக்கல் விழுந்தது, கொஞ்சம் தடுமாறி, முழங்கால் ஊன்றி, உடனே எழுந்தது.

எவரிஸ்தோ பந்துகளைப் பொறுக்கினார். ஒசூனா தாமதிக்காமல் வெளியே போனார். கிறிஸ்புலா கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டு, நிழலில் நாற்காலிகளை விரித்துப் போட்டார்.

"யாரு பெத்த புள்ளையோ," என்றார். "உக்காருங்க. முதல் செட்டுதான் போகுது."