இரண்டு டம்ளர் கஷாயம்

தேஜஸ்வினி தன் முடியைத் தானே பிடுங்கிக்கொள்வாள். படிக்கும்போதும் டிவி பார்க்கும்போதும் கை தானாக உச்சந்தலைக்குப் போய்விடும். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு உச்சியில் வழுக்கை. அம்மா கல்பகத்துக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் திருப்பதி. பிடுங்க முடி இருந்தால்தானே பிடுங்குவாள் என்று, அழ அழ மொட்டை போட்டுக் கூட்டிவந்தாள். பெருமாள் முடியை வாங்கிக்கொண்டார், வியாதியை வாங்கிக்கொள்ளவில்லை. பெண் புருவத்தைப் பிடுங்க ஆரம்பித்தாள். அம்மாவோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

தெலுங்கு ஊரான அல்வாலில், அவர்கள் ஃப்ளாட்டில் இருப்பதே இரண்டு பேர். அப்பா கௌஷிக்குக்கு ஒசாகாவில் வேலை. ஒருத்தி பேசாவிட்டால் மற்றவளுக்கு மிக்ஸி சத்தம்தான் துணை. சில நாள் கல்பகம் தேவையே இல்லாமல் சட்னி அரைத்தாள்.

பேகம்பேட்டில் ஒரு மனநல டாக்டரிடம் காட்டினார்கள். பிடுங்கத் தோன்றும்போது கையை இறுக மூடிக்கொள்ளப் பழக்கினார். மெல்லத்தான் மாறும், திட்டாதீர்கள் என்றார். கல்பகத்துக்கு ஏது பொறுமை? "ஜப்பான்ல இதுக்கு மருந்து இல்லாமலா இருக்கும்? கேளுங்கோ" என்று கணவனை நச்சரித்தாள். அங்கே மூலிகை வைத்தியமும் தெரிந்த டாக்டர் ஒருவரைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்தான்.

"பொண்ணைப் பார்க்காம மருந்து தரமாட்டேன்னுட்டார். கைப்பயிற்சியை விடாதேங்கோன்னார். எரிச்சல், கோபத்துக்குன்னு பழைய கஷாயம் ஒண்ணு இருக்காம். குழந்தைக்குக் கொடுத்தா அம்மாவும் சேர்ந்து குடிக்கணுமாம். அந்தக் காலத்து வழக்கம்."

"வியாதி அவளுக்கு, கஷாயம் எனக்கா? நன்னா இருக்கே!"

"அவர் முதல்ல கேட்டதே உன்னைப் பத்திதான். அம்மா எப்படி இருக்கான்னு."

"நீங்க என்ன சொன்னேள்?"

"நன்னா இருக்கான்னுட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கல்பகம் அடுக்களையில் சும்மா நின்றாள். நன்றாக இருக்கிறாளாம்! இத்தனை வருஷத்தில் சொந்தக்காரர் ஒருவர் கேட்காததை, முகம் தெரியாத ஜப்பான்காரர் கேட்டிருக்கிறார். பதில் சொன்னதுதான் வேறு ஆள்.

மருந்து இல்லாவிட்டால் போகிறது, வழக்கமாவது இருக்கட்டும். சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து, இரண்டு டம்ளரில் ஊற்றி எடுத்துப்போனாள். ஒன்றைப் பெண்ணின் மேஜையில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நக்கோ" என்று பள்ளிக்கூடத்து உருதுவில் வேண்டாமென்றாள் தேஜஸ்வினி. கை புருவத்திலேயே இருந்தது. 'கையை எடு' என்று வாய்வரை வந்ததைக் கல்பகம் கஷாயத்தோடு விழுங்கினாள். காரம் புரையேறி இருமல் வந்தது.

பெண் திரும்பிப் பார்த்தாள்.

"இது மருந்துதானே? நீ ஏன் குடிக்கறே? நீக்கேமைந்தி?"

தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்தாள். பல நாளைக்குப் பிறகு அவளாகக் கேட்ட கேள்வி.

"எனக்கு என்ன ஆச்சா?" ஒண்ணுமில்லை என்று சொல்லத்தான் கல்பகம் வாயெடுத்தாள். பழகிப்போன பதில் அது.

"நன்னா இல்லைடி" என்றாள்.

தேஜஸ்வினியின் கை புருவத்திலிருந்து இறங்கியது. தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து, கட்டிலில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள்.