தலையணை மேல் ஐம்பது வெள்ளி

முதல் நாள் பத்து வெள்ளி. மறுநாள் இருபது. மூன்றாம் நாள் காலை சாந்தினி 214ஆம் அறையைத் திறந்தபோது தலையணை மேல் ஐம்பது வெள்ளிப் பணத்தாள் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. முதலில் கூரையைப் பார்த்தாள். புகை வந்தால் அலறும் வெள்ளை வட்டம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு கேமரா ஏதும் இருக்கிறதா என்று தொலைக்காட்சிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

சூலியா தெருவுக்குப் பின்புறம் இருந்த அந்த ஓட்டலில் அறை சுத்தம் செய்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. பணத்தோடு ‘உங்களுக்கு’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அது டிப்ஸ். எழுத்து இல்லையென்றால் விருந்தாளியின் பணம்; கீழே சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட வேண்டும். போன மாதம் வடிவம்மாள் மேசையில் கிடந்த இருபது வெள்ளியை டிப்ஸ் என்று எண்ணி எடுத்தாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. பதினோரு வருடம் இருந்தவள். அந்த அறையில் தங்கியது விருந்தாளியே இல்லை, சோதித்துப் பார்க்க கம்பெனி அனுப்பிய ஆள் என்று துணி துவைக்கும் இடத்தில் பேசிக்கொண்டார்கள்.

இந்த 214 அதைவிடச் சந்தேகமாக இருந்தது. விருந்தாளி என்றால் ஈரத் துண்டு தரையில் கிடக்கும். இங்கே துண்டுகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. கோப்பைகள் கழுவி வரிசையாக நின்றன. குப்பைப் பையின் வாய்கூடக் கட்டியிருந்தது. காசு கொடுத்துத் தங்குகிறவள் இதையெல்லாம் ஏன் செய்கிறாள்?

அவள் தாளை நுனி விரலால் எடுத்துக்கொண்டு, முந்தின இரண்டு நாளும் போலவே கீழே போனாள். யாரும் பார்க்கவில்லை என்றால் எடுத்திருப்பேனா? முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பாள். இப்போது நேர்மை எது, பயம் எது என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சூப்பர்வைசர் ஹபீபா பீவி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மூணு நாளா உனக்கு மட்டும் எப்படி லா கெடைக்குது?”

“தெரியலக்கா. எழுத்து ஒண்ணும் இல்ல.”

“அவகிட்ட ஏதாச்சும் கேட்டியா?”

“மொகத்தையே பாத்ததில்லக்கா.”

ஹபீபா தலையாட்டினாள். இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள்தான். வடிவம்மாள் போன பிறகு ஹபீபா தனியாகச் சாப்பிடுகிறாள். கேள்வி கேட்கிறாளா, வாயைப் பிடுங்குகிறாளா என்று சாந்தினிக்குப் புரியவில்லை.

மற்ற அறைகளை முடித்துவிட்டு அவள் 214க்குத் திரும்பியபோது, இளம் பெண் ஒருத்தி கையில் ஓட்டல் கவரோடு கட்டிலருகே நின்றாள்.

“அக்கா, நான் ஷர்மினி. இது என் ரூம்தான். என் மேல கோபமா?”

“இல்ல மிஸ்.”

“பின்ன ஏன் தெனமும் திருப்பி அனுப்புறீங்க? ரிசப்ஷன்ல கவர்ல போட்டுக் கொடுக்கறாங்க. இப்பவும் கொடுத்தாங்க. வெக்கமா போச்சு.”

சாந்தினி கதவை அகலத் திறந்து வைத்தாள். “நீங்க எங்க வேலை செய்றீங்க மிஸ்?”

“பிளேன்ல. கேபின் குரூ. கூட்டாளி கல்யாணத்துக்கு வந்தேன். எங்க கம்பெனியில யாராச்சும் டிப்ஸ் கொடுத்தா ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லணும். மூணாவது தடவையும் கையில திணிச்சா, வாங்கிட்டு மேல சொல்லிடணும். நீங்களும் அப்படித்தான் வேண்டாங்கறீங்கன்னு நெனச்சேன். இல்லன்னா கம்மியா வெச்சுட்டேனோன்னு ஏத்திக்கிட்டே போனேன்.”

“துண்டெல்லாம் மடிச்சு வெக்கிறீங்களே?”

“பிளேன் எறங்குனா சீட்டு சீட்டா குப்பை பொறுக்கறதும் நாங்கதான்க்கா. கை சும்மா இருக்காது.”

சாந்தினிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. கம்பெனி அனுப்பிய ஆளும் இப்படி ஒரு கதையோடுதான் வருவாள்.

“அப்படின்னா எழுதிக் கொடுங்க மிஸ். ரூம் நம்பர், தேதி, எம்பேரு, உங்க கையெழுத்து.”

“என்னக்கா, போலீஸ் ரிப்போர்ட்டா?”

சாந்தினி மேசையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்த ஷர்மினியின் சிரிப்பு அடங்கியது. உட்கார்ந்து, பேரைக் கேட்டு, நிதானமாக எழுதிக் கொடுத்தாள்.

கீழே, கவரோடு சாந்தினி கொடுத்த அந்தக் காகிதத்தை ஹபீபா இரண்டு முறை படித்தாள். கையெழுத்தை அறைப் பதிவோடு ஒப்பிட்டாள். பிறகு பணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“உனக்குத்தான். வெச்சுக்க.” குரல் தணிந்தது. “இவ கம்பெனி ஆளோன்னு நானும் மூணு நாளா தூங்கல. நீ எடுத்திருந்தா, வடிவுக்கு எழுதுன மாதிரி உனக்கும் நான்தான் எழுதியிருக்கணும்.”

சாந்தினி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். வடிவம்மாளைப் பற்றி எழுதிக் கொடுத்தது யார் என்று அவள் ஒரு மாதமாகக் கேட்காமலே இருந்தாள்.

“இன்னைக்கு எங்கூட சாப்பிட வர்றியா?” என்றாள் ஹபீபா.

“பசி இல்லக்கா.”

பணத்தைச் சட்டைப் பையில் போட்டாள். அது சாயங்காலமே செலவாகிவிடும். ஷர்மினி எழுதிய காகிதத்தை மட்டும் நான்காக மடித்து, கழுத்தில் தொங்கிய வேலை அட்டையின் உறைக்குள், தன் படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.