ஜாக்கெட்டுக்குப் பாக்கெட்

தையல்காரிக்குக் கால் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. மெஷினை மிதித்துக்கொண்டே தெருக்கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் போய் ஒரு ரகசியத்தை ஒப்படைத்தார்களே என்று யாரும் சிரிக்க வேண்டாம். வேறு வழியில்லாமல்தான் ஒப்படைத்தார்கள்.

முதலில் எல்லாம் முறையாகத்தான் நடந்தது. பக்கத்துத் தெருவில் ஒருத்தி புருஷன் அடித்துச் செத்துப்போனாள். "சத்தம் கேட்டுச்சு, குடும்ப விஷயம்னு விட்டுட்டோம்" என்று அழுத பெண்கள் ஒன்றுசேர்ந்து, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஓர் அறை பிடித்து, 'அடிபடும் பெண்களுக்கு உதவி' என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டினார்கள். வெயிலுக்கு ஒதுங்கிய நாய் ஒன்றைத் தவிர அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

"பஸ்ஸுக்கு நிக்கிற அத்தனை பேரும் பார்க்கிற கதவுக்குள்ள எவ நுழைவா?" என்றாள் அவர்களில் ஒருத்தியான நர்ஸ். "வீட்டுக்குப் போனா அதுக்கும் சேர்த்து அடி வாங்கணும்."

பலகை இறங்கியது. வேலை தையல்காரியின் கடைக்கு மாறியது. தையல் கடைக்கு எந்தப் பெண்ணும் எப்போதும் போகலாம். எந்தப் புருஷனும் சந்தேகப்பட மாட்டான். பட்டாலும் அளவெடுக்கும் திரைக்குப் பின்னால் தலையை நீட்ட மாட்டான். உதவி கேட்டு வருகிறவள் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் தையல்காரியே யோசித்துச் சொன்னாள்: "ஜாக்கெட்டுக்குப் பாக்கெட் வைக்கணும்." உலகத்தில் எவளும் கேட்காத தையல். நர்ஸ் காயத்துக்குக் கட்டுப்போடும்போது அதைக் காதோடு சொல்லி அனுப்புவாள். கேட்டதும் தையல்காரி கடைக்கதவைச் சாத்தி, வந்தவளைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, வேன் ஓட்டும் அக்காவுக்குப் போன் போடுவாள். வேன் பின்வாசலுக்கு வரும். அப்படிச் சிலர் தப்பிப் போனார்கள். அவர்களைப் பற்றி அவள் எங்கும் மூச்சு விட்டதில்லை. அந்த வாய்க்கு அது பெரிய தவம்தான்.

ஒருநாள் மத்தியானம் அண்ணி வந்தாள். அண்ணன் பெண்டாட்டி. பேசினால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று தையல்காரி எப்போதும் கேலி செய்கிற அண்ணி. கையில் ஒரு பழைய நீல ஜாக்கெட்.

"இதுக்கு... பாக்கெட் வைக்கணும். ஜாக்கெட்டுக்கு."

தையல்காரி சிரித்துவிட்டாள். ஊரார் வாயில் வந்தால் நெஞ்சு திடுக்கிடும் வார்த்தை, சொந்த அண்ணி வாயில் வந்தபோது வெறும் தையலாகத்தான் கேட்டது. அண்ணனைத் தெருவே 'சாது' என்றுதான் கூப்பிடும். அப்பா போன பிறகு அவளை வளர்த்தவன், அந்த மெஷினை வாங்கித் தந்தவன். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். வீடு என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததில்லை.

"என்ன அண்ணி, போன் வைக்கவா? அண்ணனுக்குத் தெரியாம யார்கிட்ட பேசப் போறீங்க?"

அண்ணி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு, "ஆமா, போன் வைக்கத்தான்" என்றாள்.

இருக்கச் சொல்லிக் கையோடு தைத்துக் கொடுத்தாள் தையல்காரி. இடது பக்கம், உள்ளே, இரட்டைத் தையல் போட்டு. பாழாய்ப்போன பாக்கெட், அவ்வளவு அழகாக வந்திருந்தது. அண்ணி அதை வாங்கி மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த வாரம் முடிவதற்குள் நர்ஸ் போன் செய்தாள்.

"அக்கா, உங்க அண்ணியக் கொண்டு வந்திருக்காங்க. கையும் விலாவும் உடைஞ்சிருக்கு. மாடிப்படியில விழுந்துட்டாங்கன்னு உங்க அண்ணன் சொல்றாரு." அவள் குரல் தணிந்தது. "முன்னாடி அவங்களுக்குக் கட்டுப்போட்டப்ப நான்தான் உங்க கடைக்கு அனுப்பினேன். உங்க அண்ணின்னு எனக்குத் தெரியாது. அவங்க வரவே இல்லையா?"

"வந்தாங்க" என்றாள் தையல்காரி.

அண்ணனை வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். அழுதுகொண்டிருந்தான். பொய் அழுகை இல்லை, அதுதான் கொடுமை. "நீயாவது சொல்லும்மா, நான் அப்படிப்பட்டவனா?" என்று கையைப் பிடித்தான். அவள் கையை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலின் ஒரு பக்கம் நர்ஸ், மறுபக்கம் போலீஸ்காரம்மா. அண்ணியின் ஒரு கண் திறக்கவில்லை. திறந்திருந்த கண் தையல்காரியைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பியது. தையல்காரி கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள்.

"தப்புப் பண்ணிட்டேன் அண்ணி. எனக்குப் புரியாமப் போச்சு. இப்ப சொல்லுங்க, எல்லாத்தையும் சொல்லுங்க. நான் உங்க பக்கம். இனிமே அண்ணன் மூஞ்சில கூட முழிக்க மாட்டேன்."

அண்ணி நர்ஸைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"இவ அவரோட தங்கச்சி. இவள வெளியில போகச் சொல்லுங்க. நான் சொல்றேன்."

தையல்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தானாகவே எழுந்தாள். வேறொருத்தியின் நாத்தனார் அங்கே நின்றிருந்தால் இவளே கையைப் பிடித்து வெளியே விட்டிருப்பாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே அண்ணியின் குரல் தொடங்கியது.

"என்னம்மா ஆச்சு?" என்றான் அண்ணன்.

"அண்ணி என்னை வெளியில போகச் சொல்லிட்டாங்க."

"உன்னையுமா?" என்று கேட்டுவிட்டு, பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து, தனக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டான்.