அறுபத்தொரு டச்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்குத் தரச்சான்று கொடுப்பதை நிறுத்தி நாலு வருஷமாகிறது. இப்போதெல்லாம் வெள்ளியைத் தொடுகிற ஆளுக்குத்தான் சான்று. ஆள் சுத்தமென்றால் சரக்கும் சுத்தம். சேலத்தில் இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அர்த்தநாரிக்கும் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் ராட்டர்டாம் துறைமுகத்தில் எந்தப் பெட்டியை எங்கே இறக்குவது என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் ஊரில் வந்து இறங்கியவர். பதினோரு மாதத்தில் காளான் வளர்த்தார், காளான் மறுத்துவிட்டது. சாமை பிஸ்கட் சுட்டார்; அதைக் கடித்த மைத்துனர் இன்றைக்கும் இடப்பக்கமாகத்தான் மெல்கிறார். மூன்றாவதாகக் கூழ்ம வெள்ளி, அதாவது மருந்தென்று புட்டியில் விற்கிற வெள்ளித் தண்ணீர். அதற்கு மனைவி பூங்கோதை ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஏங்க, இதுவும் ஆவலைன்னா திரும்பிப் போயிச் சம்பாதிங்க. நானும் பாப்பாவும் வரமாட்டோம். அந்தக் குளிரு எங்களுக்கு ஆவாது."

செய்முறை எளிது. கண்ணாடி டம்ளரில் காய்ச்சி வடித்த நீர். ஒன்றையொன்று தொடாமல் இரண்டு வெள்ளிக் கம்பி. ஒன்பது வோல்ட் பேட்டரி மூன்றைக் கோத்து இணைத்தால் வெள்ளி கண்ணுக்குத் தெரியாத பொடியாக நீருக்குள் இறங்கும். கரையாது, அடியில் படியவும் படியாது, சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். இதை முதன்முதலில் படித்தபோது அர்த்தநாரிக்குச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது.

இளமஞ்சளாக வரவேண்டிய முதல் டம்ளர் மோராக வந்தது. கலக்கிய கரண்டியில் சாம்பாரின் உப்பு இருந்திருக்கிறது. வெள்ளித் தண்ணீருக்கு உப்பு ஆகவே ஆகாது.

"இதைக் குடிச்சா என்ன ஆவும்?" என்று கேட்டாள் பூங்கோதை.

"நெறையக் குடிச்சா உடம்பு நீலமாவும்."

"கொஞ்சமாக் குடிச்சா?"

"கொஞ்சமா நீலமாவும்."

"இதுக்கா மூணு பேட்டரி?"

கரண்டியை மாற்றியதும் இரண்டாவது டம்ளர் பதமாக வந்தது. சான்று வாங்க இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள்.

சோதனைக்கூடத்தில் சுகந்தா என்ற அம்மாள் அர்த்தநாரியின் முழங்கையை உரைகல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, கல்லின்மேல் ஒரு சொட்டு திராவகம் விட்டாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"அறுபத்தொரு டச். நூத்துக்கு அறுபத்தொண்ணுதான் சுத்தம். கொலுசுத் திருகாணிக்குக்கூட ஆவாதுங்களே சார்."

"மீதி?"

"செம்பு பன்னெண்டு. துத்தநாகம் ஏழு. பாக்கி இருபதும் ராட்டர்டாம். செம்பு பரவால்லீங்க, இந்த ஊர்ல யார்கிட்டதான் இல்ல. அந்த இருபதுதான் உறுத்துது."

"நான் வேட்டிதான் கட்டறேன்."

"வேட்டியைக் கழிச்சுட்டுத்தான் சொல்றேன் சார். வேணும்னா சுத்தம் பண்ணிரலாம். பின்னாடி டிரம் இருக்குது, நாலு மணிக்குள்ள முடிஞ்சிரும்."

அதுவும் அதே செய்முறைதான். டம்ளருக்குப் பதில் நீல டிரம், பேட்டரி மட்டும் லாரியுடையது. சிவப்புக் கிளிப்பைக் கட்டைவிரலில் மாட்டினார்கள். கம்பியின் இடத்தில் அர்த்தநாரி உட்கார்ந்தார். முதலில் இடது காது போயிற்று, பிறகு ஊர்ப்பாசம், பிறகு முழங்கால்கள். எதிரே நீருக்குள் ஓர் ஆள் இளமஞ்சளாகத் திரண்டு தொங்கினார். நல்ல நெற்றி. தன்னை இவ்வளவு தெளிவாக அர்த்தநாரி பார்த்ததே இல்லை. மூன்றரை மணிக்குத்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. தான் பார்த்துக்கொண்டிருப்பது டிரம்மின் அடியிலிருந்து.

சேறாகப் படிந்தது அவர்தான். எழுந்து தலை துவட்டிக்கொண்டார்.

சுகந்தா மேலே தொங்கியவருக்கு ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று எழுதி முத்திரை குத்தினாள். சேற்றுக்குச் சான்று கிடையாது; இனி அவர் வெள்ளியைத் தொடக் கூடாது.

பூங்கோதை சுத்தமானவரிடம் போய், "ஏங்க, நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

"நீ சொன்னால் சரி" என்றார் அவர்.

கல்யாணமாகி முதல் தடவையாக இப்படி ஒரு பதில். பூங்கோதைக்குக் கண் கலங்கிவிட்டது.

"கிட்டப் போயி அழுவாதீங்கம்மா" என்று சுகந்தா தடுத்தாள். "கண்ணீர்ல உப்பு இருக்குது. பால் மாதிரித் திரிஞ்சிருவாரு."

"அப்பக் கொழம்பு?"

"உப்பில்லாமத்தான்."

"வேர்வை?"

"கட்டிப் புடிக்கறதெல்லாம் வேண்டாங்க. வெளிச்சமும் படக்கூடாது."

பூங்கோதை யோசித்தாள். அர்த்தநாரி தொண்டையைச் செருமினார். நாளைக்குள் தன்னை விமானத்தில் ஏற்றிவிடுவாளோ என்று நினைத்தார். எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். வந்தது இதுதான்:

"காலையில வெச்ச புளிக்கொழம்பு மீதி இருக்குதா? உப்பு கொஞ்சம் தூக்கல்."

"இவரை நான் ஸ்கூட்டர்ல ஏத்திக்கறேன்" என்று அர்த்தநாரியைக் காட்டிச் சுகந்தாவிடம் சொன்னாள் பூங்கோதை. "சொன்ன சொல்லுக்கு யாராச்சும் ஒருத்தர் திரும்பிப் போவணும். முத்திரை இருக்கறவரே போவட்டும்."

விமானத்தில் கையோடு கொண்டுபோகும் திரவம் புட்டிக்கு நூறு மில்லிக்கு மேல் கூடாது. சுத்தமானவரைப் பழுப்பு நிறப் புட்டிகளில் ஊற்றினார்கள். நானூற்று முப்பது வந்தது. ஒவ்வொன்றிலும் பாப்பா எண் எழுதி ஒட்டினாள். டம்ளர் சமையலறைக்குத் திரும்பியது.

பத்து நாள் கழித்து ராட்டர்டாமிலிருந்து போன். பிழையில்லாத தமிழ். நானூற்று இருபத்தொன்பது புட்டிகள் வந்து சேர்ந்தன, வேலையில் சேர்ந்துவிட்டேன், என்னிடம் ஏதோ ஒன்று குறைகிறது, என்னவென்று தெரியவில்லை, வருத்தமும் இல்லை.

பூங்கோதை போனை வைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தாள். கதவில் முட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புப் புட்டி, பாப்பாவின் கையெழுத்தில் 212. அர்த்தநாரியின் காபியில் அதிலிருந்து இரண்டு சொட்டு விட்டு நீட்டினாள்.

"எதுக்கு?"

"குடிங்க. டச் கொஞ்சம் ஏறட்டும். ரொம்ப ஏறிரக் கூடாது, அதான் ரெண்டே சொட்டு."

அவர் குடித்தார். மாசக் கடைசியில் நகங்கள் நீலம் பாரித்திருந்தன. பார்க்க வந்த மைத்துனர் இடப்பக்கமாக முறுக்கை மென்றபடி, நிறம் எடுப்பாகத்தான் இருக்கிறது, சுண்டுவிரலுக்கு மட்டும் இன்னொரு பூச்சு கொடுக்கலாம் என்றார்.