சேமுக்கு இரண்டு வயது குறைவு

காலண்டரை அவள் மூன்றாவது முறையாக இடம் மாற்றி மாட்டினாள். முதலில் சற்று மேலே போய்விட்டது. தம்பியின் பிறந்த தேதி அடியில் எட்டிப் பார்த்தது. இறக்கினால் அவளுடைய தேதி மேலே தெரிந்தது. ஆணியைப் பிடுங்கி அரை விரல் தள்ளி அடித்த பிறகுதான் இரண்டும் ஒழுங்காக மறைந்தன. மகள் வேலை பார்க்கும் பல் மருத்துவரின் விளம்பரக் காலண்டர் அது. ஒரு கடைவாய்ப் பல் கைகால் முளைத்து, கையில் பிரஷோடு சிரித்துக்கொண்டிருந்தது. "சிரி, நல்லா சிரி. இன்னைக்குச் சாயங்காலம் மட்டும் கீழ விழுந்துடாத, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அதனிடம் சொல்லிவிட்டு டீக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

காலண்டருக்குப் பின்னால் இருந்தது உலக வரலாறு. அதன் கடைசிப் பகுதி என்று சொல்ல வேண்டும். முதல் பகுதி சமையலறை வாசலில் ஆதாமோடு தொடங்கியது. பத்து வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் அவள் கணவர் வேதாகமத்திலுள்ள வயதுகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, தாளோடு தாள் ஒட்டி, ஆறு மீட்டர் நீளத்துக்குக் கூடத்துச் சுவர் முழுக்க உலகத்தை வரைந்து வைத்திருந்தார். தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது வருடம் வாழ்ந்த மெத்தூசலா மட்டும் தொண்ணூற்றேழு சென்டிமீட்டர். அந்த மனிதர் முழுசாகத் தெரிய வேண்டுமென்று ஃபிரிட்ஜைக் கூடத்தின் நடுப்பக்கம் நகர்த்தியதில், அதன் கதவு இப்போது பாதிதான் திறக்கும். பால் பாக்கெட்டை எடுக்க ஒருக்களித்துக் கையை விடும்போதெல்லாம் அவள் மெத்தூசலாவை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டுவாள். அதையடுத்து நீலக் கோடாக நோவா காலத்து வெள்ளம். கடைசி இரண்டு மீட்டர் ஏறக்குறைய வெறும் தாள். வெளிவாசலுக்கு அருகில், குடும்பத்துக்கு மட்டும் பெரிதாக்கிய ஒரு கட்டம்.

கணவர் அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். சபையில் அவருக்குக் 'கமா' என்று பட்டப்பெயர். போதகர் அச்சடித்துக் கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் ஒரு கமா விடுபட்டிருந்தாலும் ஆராதனை முடிந்ததும் சிவப்புப் பென்சிலால் சுழித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான் என்பது அவர் கட்சி. ஆறு நாள் என்றால் ஆறு நாள். "நாள்னா நீண்ட காலம்னும் வெச்சுக்கலாம்" என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்ன போதகரிடம், "அப்ப உங்க சம்பளம் முப்பது நாளைக்கு ஒரு தடவைன்னு இருக்கே, அதையும் அப்படியே வெச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டார். பாவம், அந்த மனிதர் அதற்குப் பிறகு ஆதியாகமம் பக்கமே போவதில்லை.

அவளோ தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டுப் பெண்களுக்குத் தைப்பவள். இடுப்பு முப்பத்தெட்டு இருந்தால், "முப்பத்தாறுதான்க்கா" என்று வாயால் சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலால் முப்பத்தெட்டு வெட்டுவாள். வந்தவளும் சந்தோஷமாகப் போவாள், ரவிக்கையும் கிழியாது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்பது அவள் கட்சி. இந்த இரண்டு கட்சிகளும் ஒரே கூரையின் கீழ் முப்பத்தொரு வருடம் சண்டையில்லாமல் ஓடியதற்குக் காரணம், ஒரு கட்சியின் பெரிய அளவுத் திருத்தம் மற்றக் கட்சிக்குத் தெரியாது என்பதுதான்.

திருத்தம் இதுதான்: கல்யாணத்தின்போது அவளுடைய வயதில் இரண்டைக் குறைத்துச் சொன்னார்கள். மாமியார், பெண் மாப்பிள்ளையைவிடச் சின்னவளாக இருந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "சின்னவதான், சின்னவதான்" என்று இரண்டு தடவை சொன்னார், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வருடம் குறைத்ததுபோல. அதன் பிறகு எல்லாப் படிவங்களையும் கணவரே நிரப்பினார். அரசாங்கமும் அவர் எழுதியதை நம்பியது.

போன வாரம்தான் வினை வந்தது. தம்பி பாஸ்போர்ட்டுக்குப் படிவம் நிரப்ப வந்தான். படிவம் என்றால் சொந்தபந்தம் அத்தனையும் இவரிடம்தான் வரும். நிரப்பி முடித்த கையோடு, "மச்சான் தேதியும் கெடச்சாச்சு" என்று குடும்பக் கட்டத்தில் எழுதிவிட்டார். அவள்: 1966 ஆகஸ்ட் 12. அவளுக்கு நேர் கீழே தம்பி: 1967 ஜனவரி 9. ஒரே தாய் வயிற்றில் ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள்! அவரோ பேனாவை மூடிவிட்டு, தூரத்திலிருந்து கையெழுத்தின் அழகை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரார் எழுத்தில் ஒற்று விட்டால் பிடிக்கிற கண், சொந்த எழுத்தில் யானையே நின்றாலும் பார்க்காது போலிருக்கிறது. மறுநாள் காலை கடைவாய்ப் பல் அங்கே வந்து தொங்கியது.

இன்றைக்கு வரப்போகிறவன் மகளின் காதலன். பல்வலியோடு மருத்துவரிடம் போன இடத்தில் மகளைப் பார்த்தவன். நல்ல பையன், நிதானமாகப் பேசுவான், சபைக்கும் போகிறவன்தான். ஒரே ஒரு கோளாறு: ஆய்வுக்கூடத்தில் கல்லுக்கு வயது பார்ப்பது அவன் வேலை. அவன் பார்த்த கல்லிலேயே சின்னக் கல்லுக்கு நாலு கோடி வயதாம். கேட்ட நாளிலிருந்து கமா சரியாகச் சாப்பிடவில்லை. உலகத்துக்கு ஆறாயிரம் வயது என்று பையன் சபையில் எழுந்து நின்று சொன்னால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை என்று மகளிடம் சொல்லி அனுப்பினார். "ஒரு வார்த்தை சும்மா சொல்லித் தொலைங்களேன்" என்று மகள் அவனிடம் அழுதிருக்கிறாள். பொய் சொல்லிக் கல்யாணம் பண்ண முடியாது, நேரில் வந்து பேசுகிறேன் என்றானாம். அதைக் கேட்டபோது தையல்காரிக்குச் சுருக்கென்றது.

வந்தவன் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தான். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. மகள் பிஸ்கட்டைக் கையில் வைத்து நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கல்லுக்கெல்லாம் பர்த் சர்ட்டிஃபிகேட் இருக்கா தம்பி?" என்று தொடங்கினார் கமா.

"இல்லீங்க அங்கிள். அதனாலதான் வயசைக் குறைச்சும் சொல்லாது."

அவள் பிஸ்கட் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, காலண்டரை ஒரு பார்வை பார்த்தாள்.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. சரி, நான் ஒண்ணும் பிடிவாதக்காரன் இல்ல." மகள் தலையைத் திருப்பிக்கொண்டாள். "இந்தச் சுவத்துல இருக்கிறது என் இருபது வருஷ உழைப்பு. ஆதாமுலேருந்து என் பொண்ணு வரைக்கும். இதுல ஒரு தப்பு காட்டுங்க. ஒரே ஒரு தப்பு. காட்டிட்டா, சபையிலயும் வேணாம், கோர்ட்டுலயும் வேணாம், கல்யாணத்துக்கு நான் ரெடி. காட்டலைன்னா நாளைக்கு ஞாயித்துக்கிழமை, எழுந்து நின்னு ஆறாயிரம்னு சொல்லிடணும்."

பையன் மகளைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் எழுந்து சமையலறை வாசலுக்குப் போனான்.

ஒவ்வொரு அடியாக வந்தான். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் குனிந்தான். வெள்ளத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டான். "அங்கிள், இந்தச் சேம்..."

"தெரியும்!" கமா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "நோவாவுக்கு ஐநூறு வயசுல சேம் பொறந்தான். அறுநூறுல வெள்ளம். அப்ப சேமுக்கு நூறு. வெள்ளம் முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சும் நூறுன்னுதான் போட்டிருக்கு. ரெண்டு வருஷம் எங்க போச்சுன்னு நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். அதான் பக்கத்துல சிவப்புல கேள்விக்குறி. அது தப்புல சேராது. நமக்குப் புரியலை, அவ்வளவுதான். மேல போங்க."

பையன் மேலே போனான். ஆபிரகாம், தாவீது, வெறும் தாள், வெறும் தாள். "குடும்பத்தையும் பாத்துடுங்க" என்று கமாவே பெருமையோடு வந்து காலண்டரைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்.

அவன் படித்தான். உதடு மெல்ல அசைந்தது: ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்... ஜனவரியில் நின்றது. மறுபடி ஒருமுறை முதலிலிருந்து எண்ணினான். பிறகு மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவ்வளவுதான், ஒரு விநாடிகூட இருக்காது. அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்குத் தப்பு எதுவும் தெரியலைங்க அங்கிள்" என்றான்.

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். கமாவின் முகம் பூரித்தது. "பாத்தீங்களா? நாளைக்கு ஒன்பது மணி ஆராதனைக்கு வந்துடுங்க."

பையன் தலையாட்டினான். காதல் பெண்ணே அழுது கேட்டும் ஒரு பொய் சொல்லாதவன், இன்று இன்னொருவன் மனைவியின் மானத்துக்காகச் சொல்லிவிட்டு, சிரிக்கும் பல்லை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். நாளைக்குச் சபையில் நின்று இரண்டாவது பொய்யும் சொல்லப்போகிறான். ஐயோ, பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யுமா? இவனை விட்டால் என் மகளுக்கு வேறு எவன் கிடைப்பான்? அதே மூச்சில் கணவர் மேலும் இரக்கமாக இருந்தது. சொன்னதை அப்படியே நம்புவதைத் தவிர அந்த மனிதருக்கு வேறொன்றும் தெரியாது. அவரைப் போய் முப்பத்தொரு வருடம் ஏமாற்றியிருக்கிறோமே என்று அழுகை வந்தது.

தட்டை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். கணவர் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பென்சிலை உருவினாள். அவர், "ஏம்மா?" என்பதற்குள் கட்டத்துக்குப் போய், 1966இல் கடைசி ஆறை அடித்து, ஓரத்தில் நாலு என்று எழுதிச் சுழித்தாள். புரூஃபில் அவர் எப்படிச் செய்வாரோ அப்படியே.

"இதோ தப்பு. பாத்துக்குங்க."

கமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். மேல் வரியையும் கீழ் வரியையும் விரல் வைத்துப் படித்தார். அந்த விரல் ஐந்து மாதத்தை எண்ணி முடித்ததும் நின்றுவிட்டது.

"அறுபத்தி நாலா?"

"ஆமா."

"நான் அறுபத்தஞ்சு மார்ச்."

"ஆமா. உங்களைவிட ஏழு மாசம் மூத்தவ நான்."

மகளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வர, துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். கமா சுவரைப் பிடித்துக்கொண்டு தாவீதையும் ஆபிரகாமையும் கடந்து பின்னோக்கிப் போய், நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார். முதுகுதான் தெரிந்தது. நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"குறைச்சது நீயா, உங்கப்பாவா?" திரும்பாமலே கேட்டார்.

"அப்பாதான். உங்கம்மா கேட்டதுக்காக. மறைச்சது நான்தான்."

"நோவா அப்படியெல்லாம் மகன் வயசைக் குறைச்சுச் சொல்ற ஆள் இல்ல" என்றார் சுவரிடம். குரலில் பாதிதான் உறுதி இருந்தது.

"அவரும் பெத்தவர்தானே? சேமுக்கும் ஒரு கல்யாணம் ஆச்சில்ல?"

ஃபிரிட்ஜ் உறுமி நின்றது. அவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் வருஷத்தைச் சொல்லித்தானே ஜெபம் பண்ணேன்? இத்தனை வருஷம் இவளைக் காப்பாத்தினீரேன்னு. ரெண்டு வருஷத்துக்கு நன்றியே சொல்லலையேம்மா நான்!"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எல்லாரும் எழுந்திரிங்க. இப்பவே சொல்லிடலாம்" என்றார் கமா. "மாப்பிள்ள, காலண்டரைக் கீழ வெச்சுட்டுக் கண்ணை மூடுங்க."

மாப்பிள்ளை என்ற சொல்லில் திகைத்துப்போன பையன் காலண்டரைக் கீழே வைக்க மறந்து கண்ணை மூடினான். மகளும் மூடினாள். கமா தொண்டையைக் கனைத்து, அந்த இரண்டு வருடத்துக்கும் ஸ்தோத்திரம், பிந்திச் சொல்வதற்கு மன்னியும் என்று தொடங்கினார். அவளுக்குப் பால் பல் விழுந்தது, அம்மை வராமல் காத்தது என்று தனக்குத் தெரியாத வருடங்களுக்கெல்லாம் உத்தேசமாக நன்றி சொல்லிக்கொண்டே போனார். டீ ஆறி ஆடை படிந்தது. தாங்க முடியாமல் அவள் ஒரு கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்து பார்த்தாள். அவரும் ஜெபத்தை நிறுத்தாமலே ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அது சேமுக்குப் பக்கத்திலிருந்த சிவப்புக் கேள்விக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.